சூலாவா, குரோவரா?

நாசிக்கின் சூலா ஒயின் நிறுவனத்தை ராஜீவ் சாமந்த் அமெரிக்க மென்பொருள் வேலையை விட்டு வந்து தொடங்கினார். கலிஃபோர்னியாவின் ஒயின் தயாரிப்பாளர் கெர்ரி டாம்ஸ்கி நுட்பம் சொன்னார். 2000-இல் முதல் ஒயின்கள் வெளிவந்தன. அதன் சாவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் இளம் புளிப்பும் பச்சை வாசமுமாக இருக்கும். நன்கு குளிரவைத்தால் மீன் வறுவலுக்கு அதுவே போதும்.

பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் உள்ள குரோவர் ஒயின் நிறுவனத்தின் குணம் வேறு. கன்வல் குரோவர் சூலாவுக்கு முன்பே பிரெஞ்சுத் திராட்சை வகைகளை அங்கே நட்டுவிட்டார். பின்னர் ஆலோசகராக வந்தவர், பிரான்சின் ஒயின் பகுதியான போர்தோவைச் சேர்ந்த உலகப் புகழ்பெற்ற ஒயின் நிபுணர் மிஷேல் ரோலாண்ட். (இவ்வளவு பெரிய பெயர் பெங்களூருக்குப் பக்கத்திலா என்று வியந்தவர்களில் நானும் ஒருவன்.) கேபர்நே சாவிஞான், ஷிராஸ் என்ற இரு கருந்திராட்சை வகைகள் கலந்து, ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்த குரோவரின் சிவப்பு ஒயினான 'லா ரிசர்வ்' ஆட்டுக்கறிக்கு ஈடுகொடுக்கும். சிவப்பு ஒயின் என்றால் என் ஓட்டு குரோவருக்கே.