கலப்பின மண்டலம் கலையாமல் நிற்பது எதனால்? போலந்துத் தேரையும் யூட்டா புதரும்

நெருங்கிய உறவுள்ள இரண்டு உயிரினங்கள் ஓரிடத்தில் சந்தித்துக் கலக்கின்றன. தலைமுறை தலைமுறையாக இது நடந்தால் இரண்டும் ஒன்றாகிவிட வேண்டும். ஆனால் பல இடங்களில் கலப்பினங்கள் ஒரு குறுகிய பட்டைக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. அதற்கு இருபுறமும் மூல இனங்கள் தத்தம் அடையாளம் கெடாமல் வாழ்கின்றன. இதற்குச் சொல்லப்படும் இரண்டு விளக்கங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

முதலாவது இழுபறி மண்டலம். கலப்பினம் எங்கே பிறந்தாலும் பலவீனமானது. இயற்கைத் தேர்வு அதைக் கழித்துக்கொண்டே இருக்கிறது. இருபுறமிருந்தும் மூல இனங்கள் வந்து கலப்பதால் இழப்பு ஈடாகிறது. உயிரியலாளர்கள் நிக் பார்ட்டனும் காட்ஃப்ரே ஹெவிட்டும் 1985இல் இதை விரிவாக வாதிட்டார்கள். இரண்டாவது விளக்கத்தை வில்லியம் மூர் 1977இல் முன்வைத்தார்: இடைப்பட்ட சூழலில் கலப்பினமே வலுவானது, அந்தச் சூழலைத் தாண்டினால்தான் தோற்கிறது.

முதல் விளக்கத்துக்கு என் சாட்சி தெற்குப் போலந்தின் தேரைகள். சமவெளிக் குளங்களில் செவ்வயிற்றுத் தேரை வாழ்கிறது. கார்பாத்திய மலைச்சரிவில் மழைக்குட்டைகளிலும் வண்டித்தடங்களில் தேங்கிய நீரிலும் மஞ்சள்வயிற்றுத் தேரை முட்டையிடுகிறது. அதன் முட்டைகள் பெரியவை. குட்டை வற்றுவதற்குள் தலைப்பிரட்டை வளர்ந்தாக வேண்டும். எதிரி நெருங்கினால் இரண்டும் உடலை வளைத்து வயிற்றின் நிறத்தைக் காட்டி மிரட்டும். கலப்பினத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்த நிறமும் புள்ளிகளும் இரண்டுக்கும் இடைப்பட்டவையாக இருக்கும்.

யாசெக் ஷிமுராவும் பார்ட்டனும் கிராகோவ் அருகே இந்தப் பட்டையை அளந்தார்கள். அகலம் சுமார் 6 கிலோமீட்டர். தொலைவிலுள்ள பிஷெமிஷ்ல் நகருக்கு அருகிலும் கிட்டத்தட்ட அதே அகலம். பட்டையின் நடுவில் தேரைகளின் பிழைப்புத் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு என்று மரபணுத் தரவுகளிலிருந்து கணக்கிட்டார்கள். தேரை எவ்வளவு தூரம் இடம்பெயர்கிறது, தேர்வு எவ்வளவு கடுமையானது என்ற இரண்டுமே இழுபறி மண்டலத்தின் அகலத்தை முடிவு செய்கின்றன. அதனால் இரண்டு ஊர்களிலும் அளவு ஒத்துப்போவது எனக்கு வலுவான ஆதாரம்.

ஆனாலும் பட்டை மலையடிவாரத்தையே ஒட்டிச் செல்கிறது. ஆகவே சூழலுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. குளமும் குட்டையும் விரவிக் கிடக்கும் குரோவேஷியாவின் பெஷ்செனிட்சாவில் சீரான பட்டையே இல்லை. நீர்நிலைக்கு ஏற்பத் தேரைகள் திட்டுத்திட்டாகப் பிரிந்திருக்கின்றன.

இனி அமெரிக்காவின் யூட்டா மாநிலம். அங்கே சால்ட் கிரீக் பள்ளத்தாக்கில் சேஜ்பிரஷ் புதரின் இரண்டு துணையினங்கள், ஒன்று தாழ்நிலத்திலும் மற்றொன்று மேட்டிலும் வளர்கின்றன. நடுவே கலப்பினம். டுரன்ட் மெக்கார்தர், கார்ல் ஃப்ரீமன் உள்ளிட்டோர் மூன்று வகை நாற்றுகளையும் மூன்று இடங்களிலும் மாற்றி நட்டு வளர்த்தார்கள். 1997இல் வெளியான முடிவில் ஒவ்வொரு வகையும் தன் சொந்த இடத்தில்தான் சிறந்து விளங்கியது. நடுப்பகுதியில் கலப்பினம் இரு மூலங்களையும் விஞ்சியது. கலப்பினம் என்றாலே குறையுடையது என்ற முன்முடிவுக்கு இதைவிட நேரடியான மறுப்பை நான் பார்க்கவில்லை.

விலங்குகளின் குறுகிய பட்டைகளுக்கு இழுபறி விளக்கமே பெரும்பாலும் பொருந்துகிறது என்பது என் கணிப்பு. ஆனால் வரைபடத்தில் பட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அந்த முடிவுக்கு வருவது தவறு. வெளியிலிருந்து வரத்து நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். தேரைகளின் பட்டை நலிந்துவிடும். புதர்களின் பட்டை தன் காலிலேயே நிற்கும்.

மூர் தன் கருத்துக்கு அடிப்படையாகக் கொண்ட வட அமெரிக்க ஃப்ளிக்கர் மரங்கொத்திகளை நாற்றுபோல் இடம் மாற்றி நட முடியாது. அவற்றின் கலப்பினங்கள் இனப்பெருக்கத்தில் மூல இனங்களைவிடப் பின்தங்கவில்லை என்று கூடுகளை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். இது இழுபறி விளக்கத்துக்கு இடைஞ்சல்தான். ஆனால் பின்தங்கவில்லை என்பதும் விஞ்சியது என்பதும் ஒன்றல்ல. அங்கே மூரின் வாதம் பாதி வழியில்தான் நிற்கிறது.