கூட்டுத் தோட்டம்: ஆளுக்கொரு பாத்தியா, எல்லாருக்கும் பொதுவா?

நிலத்தை அளக்கும் முன்பே முடிவெடுக்க வேண்டியது இது.

ஆளுக்கொரு பாத்தி என்றால் யார் பொறுப்பு என்பதில் குழப்பமே வராது. 4 அடி அகலம், 10 அடி நீளம் போதும். அகலம் அதைத் தாண்டினால் நடுவில் கை எட்டாமல் பாத்திக்குள் இறங்கி மிதிப்போம். மிதிபட்ட மண் இறுகி வேர் இறங்காது. நடைபாதை 2 அடி, தள்ளுவண்டி வழி 3 அடி. இந்த முறையின் பெரிய தலைவலி கைவிடப்பட்ட பாத்திதான். களை பூத்து விதை உதிர்த்தால் அக்கம்பக்கத்துப் பாத்திகளும் பாழ். "3 வாரம் கவனிக்காவிட்டால் நினைவூட்டல், மேலும் 2 வாரம் போனால் காத்திருப்பவருக்கு" என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் மனத்தாங்கலில் முடியும்.

பொதுத் தோட்டத்தில் பயிர்ச் சுழற்சி, அதாவது ஒரே இடத்தில் வேறு வேறு குடும்பப் பயிர்களை மாற்றி மாற்றி வைப்பது, எளிது. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒரே மண்ணில் அடுத்தடுத்து வைத்தால் வாடல் நோயும், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவும் பெருகும். 40 சதுர அடிக்குள் தனி ஆள் இதைத் தவிர்ப்பது கடினம். ஆனால் தண்ணீர்? யாராவது விட்டிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தால் செடி காயும், இருவர் விட்டால் வேர் அழுகும். கிழமைக்கு ஒருவர் பெயரைக் குழாயடிப் பலகையில் எழுதுங்கள். பறிப்பதும் குறித்த நாளில் மட்டும்.

பத்துப் பேருக்குள் என்றால் பொது முறையையே பரிந்துரைப்போம்; கூட்டம் பெருத்தால் தனிப் பாத்தி. உரக்குழியும் பூசணி போன்ற படர்கொடிகளும் எப்படியும் பொதுவில் இருக்கட்டும்.