பழைய காசு செட்டை கிரேடிங்குக்கு (தர மதிப்பீட்டுக்கு) கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

செங்கோட்டைக்காரன் நான். எங்கள் ஊர் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது, அதனால் இங்கே எந்த வீட்டுப் பரணைக் கிளறினாலும் ஆச்சியின் சுருக்குப்பையில் திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு நாலாவது கிடக்கும். 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. காசில் 1116 என்று இருப்பதைக் காட்டித் தொள்ளாயிரம் வருஷப் பழசு என்று யாராவது அளந்தால், அண்ணாச்சி அது கொல்லம் ஆண்டு, மலையாளக் கணக்கு, 825 கூட்டிப் பாரும், இங்கிலீஷ் வருஷம் வரும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

அப்பா பம்பாய் நாணயச்சாலைக்கு எழுதிப் போட்டு வாங்கிய 1969 காந்தி நூற்றாண்டு புரூஃப் செட், அதாவது சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக மெருகேற்றி அடித்த காசு செட் ஒன்று, எங்கள் பீரோவில் இருந்தது. ஒரு பைசாவிலிருந்து பத்து ரூபாய் வரை ஒன்பது காசு. பத்து ரூபாய் மட்டும் வெள்ளி, 15 கிராம், அதில் நூற்றுக்கு எண்பது பங்கு சுத்த வெள்ளி. கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் தளத்தில் காந்தி மட்டும் வெண்பனி பூத்த மாதிரி இருப்பார். அப்பா யாரையும் தொட விடமாட்டார், பெட்டியோடுதான் காட்டுவார்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில், காசு வியாபாரம் செய்கிற ஒருவர், அத்தான் மூலமாகப் பழக்கம். "சாரே, பெட்டியில கிடந்தா ஆயிரம், ஸ்லாபுல ஏறினா லட்சம்" என்றார். அமெரிக்காவில் என்ஜிசி, பிசிஜிஎஸ் என்று இரண்டு பெரிய கம்பெனிகள் உண்டு, 70 மார்க்குக்குக் காசை மதிப்பிட்டு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துத் தருவார்கள், அந்த டப்பாதான் ஸ்லாப், அது நிஜம்தான். தான் மொத்தமாக அனுப்புவதாகவும் காசுக்கு 3,500 ஆகும் என்றும் சொன்னார். ஒன்பதுக்கு 31,500, ஜிபேயில் போட்டேன். செட்டாகக் கொடுத்தாலும் ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியாகத்தான் கட்டணம் என்று தெரிந்த பிறகாவது, அலுமினிய ஒரு பைசாவுக்கு 3,500 எதற்கு என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. ரசீதும் கேட்கவில்லை. கொடுப்பதற்கு முந்தின நாள் பேத்தி விளையாட்டாக செல்போனில் ஒவ்வொரு காசையும் கிட்ட வைத்துப் படம் எடுத்தாளே, அது ஒன்றுதான் உருப்படியாக நடந்த காரியம்.

எட்டு மாதம். கேட்கும்போதெல்லாம் கஸ்டம்ஸ், கஸ்டம்ஸ் என்றார். கடைசியில் கூரியரில் வந்ததைப் பிரித்தால், வெள்ளிப் பத்து ரூபாய் மட்டும் நிஜமான ஸ்லாபில் இருந்தது. ஸ்லாபில் இருந்த எண்ணை அந்த அமெரிக்கக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன், வந்தது. ஆனால் மார்க் இல்லை! 'டீடெயில்ஸ், கிளீன்ட்' என்று மட்டும் போட்டிருந்தது. அதாவது யாரோ தேய்த்திருக்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால் காந்தி முகத்துக்கு முன்னால் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள், துணியால் துடைத்த தடம். இன்னும் மினுக்கினால் மார்க் ஏறும் என்று அந்த மகராசன் நினைத்திருக்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தேய்த்த காசுக்கு அவர்கள் மார்க் போட மாட்டார்கள்.

மற்ற எட்டும் யாரும் கேள்விப்படாத ஒரு பெயர் அச்சடித்த டப்பாவில், எல்லாவற்றுக்கும் 69 மார்க். எந்த இணையதளத்திலும் அந்த எண்கள் இல்லை. சரி, காசாவது நம்முடையதுதானா என்று பேத்தி எடுத்த படத்தோடு ஒப்பிட்டேன். ஐம்பது பைசா மாறியிருந்தது. பம்பாயில் அடித்த அந்தக் கால புரூஃப் காசில் நாணயச்சாலைக் குறியாக 'பி' என்ற குட்டி எழுத்து இருக்கும். திரும்பி வந்ததில் அந்த இடம் மொட்டை. கல்கத்தாவில் அடித்த சாதாரணக் காசுக்குத்தான் குறியே கிடையாது. படத்தை அவருக்கு அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான். அத்தானும் இப்போது எங்கள் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

கிரேடிங்கே வீண் என்று சொல்லவில்லை. 1939 வெள்ளி ரூபாய் மாதிரி அபூர்வமாக, போலி மலிந்த காசு கையில் இருந்தால் அது அசல் என்று நிரூபிக்கவாவது அனுப்பலாம். புரூஃப் செட் கதை வேறு. பெட்டியோடு முழுசாக இருப்பதுதான் அதற்கு விலை. பிரிக்கிற நிமிஷமே விலை இறங்கிவிடும், அப்புறம் கிரேடிங் கட்டணத்தைத் திருப்பி எடுக்கிற யோக்கியதை அதில் ஒன்றிரண்டு காசுக்கு இருந்தால் பெரிய விஷயம். அனுப்புவதாக இருந்தாலும் நல்லெண்ணெய், புளி, பல்பொடி, எதுவும் காசின் பக்கத்தில் வரக் கூடாது. கையில் எடுத்தாலும் ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

போன மாதம் ஒரு காசுக் கண்காட்சிக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வியாபாரி ஸ்லாபுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினார். ஒன்பது குழியும் காலியாக இருந்த அப்பாவின் பெட்டியைக் கையில் எடுத்து, "இதை மட்டும் தர்றீங்களா, நல்ல விலை தர்றேன்" என்றார். எதில் எதைப் போட்டு யார் தலையில் கட்டப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. பெட்டி பழையபடி பீரோவில்தான் இருக்கிறது.