பட்டினி என்று சொல்லக்கூடாத ஊர்

லோயிஸ் லோரி 1993இல் எழுதி, அடுத்த ஆண்டே அமெரிக்காவின் நியூபெரி பதக்கத்தைப் பெற்ற 'த கிவர்' நாவலை, சாதாரண தரம் படிக்கும் என் மருமகளுக்கென்று கிளிநொச்சிக்கு வாங்கி வந்து, இரண்டு இரவுகளில் நானே முதலில் படித்து முடித்தேன். ஆங்கிலம் எளிமையானது, அகராதி அதிகம் தேவைப்படாது.

கதையில் வரும் சமூகத்தில் சண்டை இல்லை, பசி இல்லை. குடும்பத்துக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டே பிள்ளைகள். ஒன்பது வயதில் எல்லோருக்கும் சைக்கிள். பன்னிரண்டு வயதில் மூப்பர் குழு தீர்மானித்துக் கொடுக்கும் தொழில். ஜோனாஸ் என்ற சிறுவனுக்கு வாய்ப்பதோ, அந்தச் சமூகம் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய நினைவுகள் அனைத்தையும் தனியொருவனாகத் தாங்கும் பொறுப்பு.

என்னை நிறுத்திவைத்தது மிகச் சிறிய ஓர் இடம். மதிய உணவுக்குச் சற்று முன்னர் தான் பட்டினியால் வாடுவதாக ஜோனாஸ் ஒருமுறை சொல்லியிருக்கிறான். உடனே அவனைத் தனியே அழைத்து, அவனுக்கு இருப்பது பசிதான், பட்டினியன்று, இங்கே எவரும் பட்டினி கிடந்ததுமில்லை, கிடக்கப்போவதுமில்லை, ஆகவே அவன் சொன்னது பொய் என்று திருத்துகிறார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற எனக்கு இதைப் படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. ஜோனாஸின் ஊரில் சொல்லையே பொய்யாக்கிவிடுகிறார்கள். அதன் பிறகு பட்டினி கிடந்தவன் எந்தச் சொல்லால் முறையிடுவான்?

முதியவர்களையும் போதிய எடை ஏறாத குழந்தைகளையும் அங்கே 'விடுவிக்கிறார்கள்'. காணி விடுவிப்புச் செய்திக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த வன்னி வாசகருக்கு அந்தச் சொல் நல்லதாகவே காதில் விழும். அதன் உண்மைப் பொருள் தெரியவரும் பக்கத்தை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

போரைப் பற்றிய நினைவு சில பக்கங்களே. காயப்பட்டுக் கிடக்கும் ஒரு பையன் தண்ணீர் கேட்கிறான். ஒரு கை செயலற்ற நிலையில் ஜோனாஸ் குடுவையைத் திறந்து கொடுக்கிறான். குடித்த பின் அந்தப் பையன் இறந்துபோகிறான். எதிரி யார், சண்டை எதற்கு என்று ஆசிரியர் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாமல் விட்டதே சரி.

குறைகளும் உண்டு. ஊர் முழுவதும் நிறங்களைக் காணாமற்போனது எப்படி, முதுகில் கைவைத்தால் நினைவு மற்றொருவருக்குப் போவது எப்படி என்பவற்றுக்கு விளக்கமே இல்லை. நண்பர்களான ஆஷரும் பியோனாவும் பாதிக்கதையிலேயே மங்கிவிடுகிறார்கள்.

ஜோனாஸும் அவன் தன்னோடு கொண்டுபோகும் குழந்தையும் தப்பினார்களா என்ற முடிவைப் பற்றி வீட்டில் வாக்குவாதமே நடந்தது. "அவங்கள் தப்பிட்டாங்கள் மாமா, பாட்டுக் கேக்குதெண்டு எழுதியிருக்கெல்லோ" என்றாள் மருமகள். அது வெறும் எதிரொலியாகவும் இருக்கலாம் என்று அதே பக்கத்தில் இருப்பதைக் காட்டினேன். அவள் புத்தகத்தை வாங்கி மூடிவிட்டாள். இதே வரிசையில் பின்னர் வந்த நாவல்களில் விடை இருக்கிறது. அதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.