காகிதக் கப்பா, கண்ணாடி கிளாஸா? டீக்கடை வசதிகளை எடைபோட்டுப் பார்த்தால்

எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடை. மாலை ஆறு மணிக்குப் போனால் பாய்லர் பக்கத்துத் தகர டிரம்மில் காகிதக் கப்புகள் நிரம்பி வழியும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாய் டீ மிச்சம், அதில் ஈ. "அண்ணே, கிளாஸ்ல குடுங்க" என்று ஒருநாள் கேட்டேன். "கழுவ ஆள் இல்ல தம்பி" என்றார் மாஸ்டர். முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

முதலில் காகிதக் கப். பெயர்தான் காகிதம். வெறும் காகிதத்தில் சூடான டீயை ஊற்றினால் ஊறிப்போகும் என்பதால் உட்புறம் மெல்லிய பாலித்தீன் படலம் ஒட்டியிருக்கும். குடித்த கப்பை ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு விரலால் தேய்த்துப் பாருங்கள். காகிதம் கூழாக உதிரும், படலம் மட்டும் பளபளவென்று கையோடு வரும். இரண்டும் இப்படி ஒட்டிக்கிடப்பதால் பழைய பேப்பர்காரர் இதைத் தொடமாட்டார். மக்க வைக்கவும் முடியாது.

கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் இதைச் சோதித்தார்கள். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரைக் காகிதக் கப்பில் ஊற்றி 15 நிமிடம் வைத்தால், சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. கடை வாசலில் நின்று குடிப்பவர் அவ்வளவு நேரம் வைத்திருப்பதில்லை. ஆனால் மேசையில் வைத்துவிட்டு போன் பேசப் போகிறோமே, அந்த டீக்கு இந்தக் கணக்குப் பொருந்தும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று. உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 அக்டோபரில் அங்கேயும் தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. ஆனாலும் கடைக்குக் கடை அதே கப்தான்.

சரி, கிளாஸ்? கண்ணாடியை உருக்கிச் செய்ய நிறைய எரிபொருள் வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். கனடாவின் மார்ட்டின் ஹாக்கிங் என்ற வேதியியல் பேராசிரியர் 1994-இல் இந்தக் கணக்கைப் போட்டார். கழுவும் ஆற்றலையும் சேர்த்துப் பார்த்தாலும், ஒரு கண்ணாடிக் குவளையை 15 முறை பயன்படுத்திவிட்டால் காகிதக் கப்புக்கான ஆற்றல் செலவோடு சமமாகிவிடும், அதற்குமேல் எல்லாம் லாபம் என்றார். பீங்கான் என்றால் 39 முறை. வீட்டில் ஒரு கிளாஸ் 15 முறை புழங்க ஒரு வாரமாவது ஆகும். ஓட்டமுள்ள டீக்கடையில் ஒன்றிரண்டு நாளில் அந்த எண்ணைத் தாண்டிவிடும். கிளாஸுக்கு டீக்கடையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

அப்படியிருந்தும் ஜனங்கள் ஏன் காகிதக் கப் கேட்கிறார்கள்? அந்த வாளிதான் காரணம். ஒரே வாளித் தண்ணீரில் ஐம்பதாவது கிளாஸை முக்கி எடுப்பதைப் பார்த்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். கொரோனாவுக்குப் பிறகு அந்த அருவருப்பு பயமாகவும் மாறியது. கிளாஸின் கதையில் வெட்கப்பட வேண்டிய பக்கம் ஒன்றும் உண்டு: இரட்டைக் குவளை. சில ஊர்களில் மற்றவர்களுக்குக் கிளாஸ், தலித்துகளுக்கு மட்டும் தூக்கியெறியும் கப் என்று அந்தக் கொடுமை உருமாறவும் செய்தது. ஆகவே கிளாஸ் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லும்போது, எல்லோருக்கும் ஒரே கிளாஸ், அதுவும் சுத்தமாகக் கழுவிய கிளாஸ் என்றே சொல்கிறேன்.

கழுவுவதற்கு வழி கடையிலேயே இருக்கிறது. பாய்லரில் நாள் முழுக்க வெந்நீர் கொதிக்கிறது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையக் கடையில் மாஸ்டர் ஓடும் குழாயில் கிளாஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, டீ ஊற்றுவதற்கு முன் பாய்லர் குழாயைத் திறந்து கொதிநீரை ஒரு சுழற்று சுழற்றிக் கொட்டுவார். கிளாஸ் சூடாக இருப்பதால் டீயும் சீக்கிரம் ஆறாது. கப் வாங்கும் காசில் ஒரு பங்கைக் கழுவும் ஆளுக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வேலையும் கிடைக்கும். காபிக்கு டபரா செட் இன்னும் நல்லது. கீழே விழுந்தாலும் உடையாது.

மண் குவளையைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். குயவருக்கு வருமானம் என்பதால் எனக்கும் அதன்மேல் பிரியம் உண்டு. ஆனால் ஒருமுறை குடித்துவிட்டு உடைப்பதை ஏற்க முடியவில்லை. மண்ணையும் விறகையும் செலவழித்துச் சுட்ட ஓடு மறுபடி மண்ணாகிவிடாது. கீழடியில் 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழைய பானை ஓடுகள் இன்றும் கிடைக்கின்றனவே. கடித்துத் தின்னும் பிஸ்கட் கப் எப்போதாவது ருசிக்கலாம், தினசரி டீக்கு விலை கட்டாது.

கலக்கும் குச்சி, சர்க்கரைப் பொட்டலம் இரண்டும் நமக்குத் தேவையே இல்லை. பிளாஸ்டிக் குச்சிக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை வந்ததும் மரக்குச்சி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு ஆத்து ஆத்தினால் சர்க்கரை கரைந்துவிடும், நுரையும் வரும்.

கடைசியாகப் பார்சல். கொதிக்கும் டீயை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் ஊற்றி நூலால் கட்டித் தருவதுதான் இருப்பதிலேயே மோசம், கூடவே நாலு காகிதக் கப் வேறு. எங்கள் பிரிவில் ஏழு பேர் சேர்ந்து ஒரு ஸ்டீல் பிளாஸ்க் வாங்கினோம், ஆளுக்கொரு டம்ளர் மேசையில். மாஸ்டர் முகம் சுளிக்கவில்லை, அளவு கொஞ்சம் தாராளமாகவே ஊற்றுகிறார். ஒன்று மட்டும் கவனம்: மூடியின் ரப்பர் வளையத்தை தினமும் கழற்றிக் கழுவுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் டீயில் புளித்த பால் வாடை அடிக்கும்.