குற்றத் தீர்ப்பும் பணிநீக்கமும்: ஓர் இணையவழிப் பயிற்சி குறித்த மதிப்புரை

ஊழியர் ஒருவரைக் குற்றவாளி என நீதிமன்றம் தீர்ப்பளித்த பின் அவருடைய வேலை என்னவாகும், அவருக்காக நடுவர் (நிர்வாகத்துக்கும் சங்கத்துக்கும் இடையிலான தகராறுகளைத் தீர்ப்பவர்; நீதிபதி அல்லர்) முன் சங்கம் எதை வாதிடலாம் என்பதைக் கனடாவின் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்குக் கற்றுத்தரும் கட்டணப் பயிற்சி இது.

தொடக்கப் பாடம் நன்றாக அமைந்துள்ளது. பணிக்கு வெளியே நடந்த குற்றத்துக்காக ஒருவரைத் தண்டிக்க வேண்டுமானால், அதற்கும் பணிக்கும் உள்ள தொடர்பை நிர்வாகம் நிறுவியாக வேண்டும் என்பதை 1967-ஆம் ஆண்டின் மில்ஹேவன் ஃபைபர்ஸ் நடுவர் தீர்ப்பைக் கொண்டு விளக்குகிறார்கள். நிறுவனத்தின் பெயர் கெட்டதா, அவரால் வேலையைச் சரிவரச் செய்ய இயலுமா, உடன் பணிபுரிவோர் தயங்குகிறார்களா என்பன போன்ற கேள்விகளைக் காசாளரின் திருட்டு வழக்கிலும், கிடங்குத் தொழிலாளி மது அருந்தி வண்டி ஓட்டிய வழக்கிலும் பொருத்திப் பார்க்கச் செய்யும் பயிற்சித்தாள் தனியாகப் பாராட்டத்தக்கது.

அடுத்து வருவது, டொரொன்டோ நகராட்சி வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் 2003-இல் அளித்த தீர்ப்பு. தம் பொறுப்பிலிருந்த சிறுவனிடம் பாலியல் குற்றம் புரிந்ததாகத் தண்டிக்கப்பட்ட பயிற்றுநரை நகராட்சி பணிநீக்கம் செய்தது. நடுவர் விசாரணைக்குச் சிறுவன் அழைக்கப்படவில்லை. பயிற்றுநர் குற்றத்தை மறுத்துச் சாட்சியம் அளித்தார். பணிநீக்கம் செல்லாது என நடுவர் முடிவு செய்தார். நீதிமன்றத்தில் தீர்ந்துபோன குற்றத்தை நடுவர் முன் மறுபடி விசாரிப்பது நீதிமுறையைத் துஷ்பிரயோகம் செய்வதாகும் என்று உச்ச நீதிமன்றம் கூறியதை இவ்வளவு தெளிவாக விளக்கிய வேறொரு பயிற்சியை நான் கண்டதில்லை.

ஆனால் சங்கத்தின் வேலை அத்துடன் முடிந்துவிட்டதைப் போலப் பயிற்சி நகர்ந்துவிடுகிறது. குற்றம் நடந்ததா என்பதை மறுக்க முடியாவிட்டாலும், பணிநீக்கம் மிகையான தண்டனை என்று வாதிடத் தடையில்லை. தண்டனையைக் குறைக்க ஒன்ராறியோ மாகாணத்தின் தொழிலுறவுச் சட்டம் நடுவருக்கு அதிகாரம் அளிக்கிறது. நீண்ட பணிக்காலமும் மாசற்ற பணிப்பதிவும் எடைபோடப்படுவது அங்கேதான். இதற்கு ஒதுக்கப்பட்டிருப்பதோ ஒரே ஒரு பக்கம். குற்றவியல் வழக்கில் விடுதலையானவரும் வேலையை இழக்கலாம், ஏனெனில் நடுவர் ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணத்தைக் கோருவதில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றே பார்க்கிறார் என்ற செய்தி எங்கும் இல்லை. குற்றச்சாட்டு மட்டும் நிலுவையில் இருக்க, ஊதியமின்றி இடைநீக்கம் செய்யப்பட்ட உறுப்பினர்களைப் பற்றியும் பேச்சில்லை. சங்க அலுவலகத்துக்கு உதவி கேட்டு வருவோரில் பெரும்பாலோர் அவர்கள்தாம்.

இறுதித் தேர்வில் குற்றத் தீர்ப்பு பற்றிய கேள்விக்குப் 'பணிநீக்கம் உறுதி' என்பதே சரியான விடையாக ஏற்கப்படுகிறது. அதைப் பயிற்சியை நடத்தும் நிறுவனம் திருத்தியாக வேண்டும். புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் முதல் இரண்டு பாடங்களுக்காகச் சேரலாம். நடுவர் விசாரணைகளில் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஏதும் கிடைக்காது.