குட்டைத் தொட்டி டிரக்குக்கு எந்த ஹிட்ச் பொருந்தும்?

இருட்டத் தொடங்கிய நேரம். ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, முகாம் மைதானத்தில் எங்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குள் டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கண்ணெல்லாம் பக்கக் கண்ணாடியில், டிரெய்லரின் சக்கரத்தின் மேல். மனைவி போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்து, இறங்கிப் பார்த்தேன். டிரெய்லரின் முன்மூலைக்கும் டிரக் கேபினின் பின் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடம்தான் மிச்சம். எங்கள் பிக்கப் டிரக்கின் தொட்டியில், அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த பகுதியில், இருந்தது கையால் நகர்த்தும் ஸ்லைடர் ஹிட்ச். ஹிட்ச் என்பது டிரெய்லரை டிரக்கோடு மாட்டும் இணைப்பு. லிவரை இழுத்து அதைப் பின்னுக்கு நகர்த்த மறந்திருந்தேன்.

முன்பகுதி தொட்டியின் மேல் நீண்டு அங்கேயே மாட்டப்படும் டிரெய்லருக்கு ஃபிப்த் வீல் என்று பெயர். அதை இழுக்கிற குட்டைத் தொட்டிக்காரர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இதன் கணக்கு எளிது. டிரெய்லரின் முன்பகுதியிலிருந்து கீழே நீட்டி ஹிட்சில் பூட்டிக்கொள்ளும் முளைதான் கிங்பின். அது உட்காருவது டிரக்கின் பின்னச்சுக்கு நேர்மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னால். 8 அடித் தொட்டியில் அங்கிருந்து கேபின்வரை சுமார் 56 அங்குலம் இருக்கும். ஆறே முக்கால் அடித் தொட்டியில் அது சுமார் 40 அங்குலம்தான். டிரெய்லரின் அகலம் 8 அடி என்றால் பாதி அகலம் 48 அங்குலம். எட்டரை அடி என்றால் 51. டிரக்கைச் செங்கோணத்துக்குத் திருப்பினால் அந்தப் பாதி அகலம் முழுவதும் கேபின் பக்கம் வந்து நிற்கும். 40 அங்குல இடத்தில் 48 அங்குலம் எப்படி அடங்கும்?

நகராத ஹிட்ச் எடை குறைவு, விலை குறைவு, பழுதாவதற்கு அதில் அதிகம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் ஹம்போல்ட்டில் இருக்கும் பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் கம்பானியன் இந்த வகையில் பலர் விரும்பி வாங்குவது. முன்மூலைகள் உள்வாங்கி வெட்டப்பட்ட டிரெய்லர், ஆறரை அடிக்குமேல் தொட்டி, இந்த இரண்டும் சேர்ந்தால் நகராத ஹிட்சே போதுமானதாக இருக்கலாம். ஆனால் “குட்டைத் தொட்டிக்கு ஏற்றது” என்று விளம்பரத் தாளில் போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள். டேப்பைப் பிடித்து உங்கள் டிரக்கையும் உங்கள் டிரெய்லரையும் அளந்து பாருங்கள்.

கையால் நகர்த்தும் ஸ்லைடர், கிங்பின்னை 10 முதல் 12 அங்குலம் வரை பின்னுக்குக் கொண்டுபோகும். 40 இருந்த இடம் 50 முதல் 52 வரை ஆகிவிடும். 8 அடி அகல டிரெய்லருக்கு அது போதும். ஆனால் அதற்கு நீங்கள் செய்ய வேண்டியதைப் பாருங்கள். டிரக்கை நிறுத்தி இறங்க வேண்டும். டிரெய்லரின் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். லிவரை இழுத்து, திரும்ப ஏறி, டிரக்கை மெல்ல முன்னே நகர்த்த வேண்டும். பூட்டு விழும் சத்தம் கேட்ட பிறகும் இறங்கிப் போய்ப் பூட்டு முழுதாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளம்பும்போது இத்தனையையும் தலைகீழாகச் செய்தாக வேண்டும். ஹிட்ச் பின்னால் நிற்க நெடுஞ்சாலையில் ஓட்டக் கூடாது. பாரம் பின்னச்சுக்குப் பின்னால் போனால் முன்சக்கரங்களின் பிடி குறையும்.

மழை பெய்யும்போதும், பின்னால் இன்னொரு வண்டி காத்து நிற்கும்போதும், பிள்ளைகள் பசியில் அழும்போதும் இதைத் தவறாமல் செய்ய முடியுமா? என்னால் முடியவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை, பழகிய ஒரே இடத்துக்குப் போய்வருபவருக்கு இது ஒத்துவரும். அடிக்கடி புது இடம் தேடிப் போகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

தானியங்கி ஸ்லைடருக்கு இந்த ஞாபகமெல்லாம் தேவையில்லை. இண்டியானாவின் மிஷவாகாவில் உள்ள புல்ரைட் நிறுவனத்தின் சூப்பர்கிளைடு இந்த வகை. கிங்பின் தனியாகச் சுழலாதபடி ஒரு தகடு அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். டிரக் திரும்பும்போது ஹிட்சின் தலை டிரெய்லரோடு சேர்ந்தே திரும்பும். அந்தத் திருப்பமே தலையைப் பின்னுக்குத் தள்ளும். வண்டி நேரானதும் தலை பழைய இடத்துக்கே வந்துவிடும். முதல்முறை ஓட்டியபோது இறங்கி நின்று, மனைவியை மெல்லத் திருப்பச் சொல்லி, அந்தத் தலை வழுக்கிப் போவதை அருகில் பார்த்தேன். மனம் நிறைந்துவிட்டது. குறையும் இருக்கிறது. விலை கூடுதல். எடை 200 பவுண்டைத் தாண்டும். கிரீஸ் போடாமல் விட்டால் முரண்டு பிடிக்கும். வேறொருவர் டிரக்கால் அந்த டிரெய்லரை இழுக்க வேண்டுமென்றால் முதலில் தகட்டைக் கழற்றியாக வேண்டும்.

டிரெய்லர் பக்கத்திலேயே மாற்றம் செய்வது இன்னொரு வழி. ரீஸ் நிறுவனத்தின் சைடுவைண்டர், கிங்பின் இருக்கும் பெட்டியையே மாற்றி, திரும்பும் புள்ளியை 22 அங்குலம் பின்னுக்குத் தள்ளுகிறது. தொட்டியில் நகராத ஹிட்சே இருக்கலாம். கிங்பின் ஹிட்சுக்குள் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் ஆப்பு மட்டும் அந்த ஹிட்சுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். டிரெய்லர் மடங்கும் இடம் மாறுவதால் ரிவர்ஸ் எடுப்பதைப் புதிதாகப் பழக வேண்டும்.

ஐடஹோவைச் சேர்ந்த ஆண்டர்சன் நிறுவனத்தின் அலுமினிய ஹிட்ச் ஒரே ஆள் தூக்கி இறக்கும் அளவுக்கு இலேசானது. தொட்டியை மற்ற நாட்களில் சரக்குக்குப் பயன்படுத்துபவருக்கு இது பெரிய வசதி. கிங்பின்னுக்குப் பதில் பந்து இணைப்பில் இழுப்பதால், டிரெய்லர் சட்டகத்தின் உத்தரவாதம் செல்லுமா என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

இத்தனைக்கும் முன்னால் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு பவுண்டு ஏற்றலாம் என்று அதில் இருக்கும். டிரெய்லர் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும். 10,000 பவுண்டு டிரெய்லர் என்றால் 2,000. அதோடு ஹிட்சின் எடை, குடும்பத்தின் எடை. அரை டன் என்று சொல்லப்படும் இலேசான வகை டிரக்குகள் பலவும் இந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும். ஐந்தரை அடித் தொட்டியோடு அப்படி ஒரு டிரக் வைத்திருப்பவர் ஹிட்சைத் தேடுவதைவிட இலேசான டிரெய்லரைத் தேடுவதே நல்லது.

எங்கள் வீட்டில் ஸ்லைடரை விற்றுவிட்டுத் தானியங்கிக்கு மாறினோம். மாற்றிய அன்றே காலி வாகன நிறுத்தத்துக்குப் போனோம். ஒருவர் தொட்டி அருகே நிற்க, இன்னொருவர் அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். டிரெய்லரின் மூலைக்கும் கேபினின் பின் கண்ணாடிக்கும் ஒரு சாண் இடம் இருக்கும்போது நிறுத்தி, பக்கக் கண்ணாடியில் டிரெய்லர் தெரியும் இடத்தில் சிறு டேப் துண்டு ஒட்டினோம். டிரெய்லர் அந்தத் துண்டைத் தாண்டிப் போகும் அளவுக்கு இன்றும் நாங்கள் திருப்புவதில்லை.